பப்பாளியும் பத்தியமும்: தாம்பரம் மருத்துவச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பப்பாளிப் பழத்தைக் கருவுற்றோர் உண்ணலாகாது, பாலுடன் சேர்க்கலாகாது, மருந்துண்ணும் காலத்தில் தவிர்க்க வேண்டும் என்னும் விலக்குகள் தமிழகத்தில் பரவலாக வழங்குகின்றன. பப்பாளி 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த பழம். ஆகவே இவ்விலக்குகள் பழந்தமிழ் மரபிலிருந்து அப்படியே வந்தவை அல்ல. பழைய வகைப்பாடுகள் புதிய பழத்தின்மேல் ஏற்றப்பட்டதால் உருவானவை. இவ்வுருவாக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காசநோய் மருத்துவமனையும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அருகருகே அமைந்துள்ள தாம்பரம் சானடோரியம் பகுதியைக் களமாகக் கொண்டு, உணவையும் மருந்தையும் இணைத்துப் பார்க்கும் பார்வை இரு மருத்துவ முறைகளிலும் எவ்வாறு மாறியது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பப்பாளி, பத்தியம், மாறுபாடு, தாம்பரம் சானடோரியம், சித்த மருத்துவம், உணவு – மருந்து எதிர்வினை.

1. முன்னுரை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டித் தடத்தில் குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்பதாகும். ஒரு மருத்துவமனையே ஊர்ப்பெயராக நிலைத்த இடம் அது. 1928இல் அங்குத் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. அதன் அருகிலேயே 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பெற்றது. ஒரே நிலையத்தில் இறங்கும் நோயாளர் இருவரில் ஒருவர் ஆங்கில மருந்தையும் மற்றவர் சித்த மருந்தையும் பெற்றுத் திரும்புவது அங்கு இயல்பான காட்சி. இரு மருந்துகளையும் ஒருவரே உட்கொள்வதும் உண்டு.

இவ்விரு நோயாளரும் வீடு திரும்பியபின் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்த மருந்தோடு எதை உண்ணக்கூடாது? சித்த மருத்துவத்தில் இக்கேள்விக்கான விடை பத்தியம் எனப்படுகிறது. நவீன மருத்துவத்தில் அது உணவு – மருந்து எதிர்வினை எனப்படுகிறது. வீட்டில் இரண்டும் கலந்து, ‘சேராது’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அவ்வாறு சுருங்கும்போது எது இழக்கப்படுகிறது என்பதை அறியப் பப்பாளி ஏற்ற சான்றாகும். தென்சென்னைப் புறநகர்களில் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்து வளர்வதும், எளிய விலையில் கிடைப்பதும், ஆயினும் மிகுதியான விலக்குகளுக்கு ஆட்பட்டதும் அப்பழமே.

2. மாறுபாடும் பத்தியமும்

உணவுப் பொருள்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமற்போகலாம் என்னும் கருத்து தமிழில் தொன்மையானது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நோய்க்குத் தரும் மருந்தைவிட உணவின் அளவையும் ஒழுங்கையுமே மிகுதியாகப் பேசுகிறது. முன் உண்டது செரித்தபின், மாறுபாடு இல்லாதவற்றைப் பசித்து உண்ணவேண்டும் என்பது அதன் கருத்து. இம்மாறுபாடு யாது என்பதைப் பரிமேலழகர் தம் உரையில் மூவகையாகப் பகுத்துக் காட்டுகிறார். உண்பவனின் உடற்கூற்றோடு மாறுபடுதல் ஒன்று. காலத்தோடு மாறுபடுதல் மற்றொன்று. உணவுப் பொருள்கள் சுவையாலும் வீரியத்தாலும் தமக்குள் மாறுபடுதல் மூன்றாவது. மூன்றாவதற்குத் தேனும் நெய்யும் சம அளவில் சேர்ந்தால் நஞ்சாகும் என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

வடமொழி ஆயுர்வேத மரபிலும் இக்கருத்து விரிவாக இடம்பெறுகிறது. சரக சம்கிதையின் சூத்திரத்தானம் 26ஆம் இயல் ‘விருத்த ஆகாரம்’ எனப்படும் ஒவ்வா உணவுகளைத் தொகுத்துரைக்கிறது. மீனைப் பாலுடன் சேர்க்கலாகாது என்பது அதில் புகழ்பெற்ற விதி. மா, நாவல், பலா, விளா, புளி முதலிய பல பழங்களும் பாலுடன் சேராதவை என அங்குப் பட்டியலிடப்பெறுகின்றன.

பரிமேலழகர் வகுத்த மூன்றோடு சித்த மருத்துவம் நான்காவது ஒன்றையும் சேர்க்கிறது. அதுவே உணவு மருந்தோடு மாறுபடுதல். மருந்துண்ணும் காலத்தில் கொள்ளத்தக்க உணவு பத்தியம் எனவும், தள்ளத்தக்கது அபத்தியம் எனவும் வழங்கின. வழக்கில் விலக்கு முழுவதுமே பத்தியம் என்னும் சொல்லுள் அடங்கிவிட்டது. உப்பையும் புளியையும் நீக்கும் கடும்பத்தியம், உடலுறவை நீக்கும் இச்சாபத்தியம், மருந்து முடிந்தபின் படிப்படியாக வழக்க உணவிற்குத் திரும்பும் மறுபத்தியம் என அதில் பல நிலைகள் உண்டு. இரசம், கந்தகம் முதலியவை சேர்ந்த மருந்துகளுக்குப் பத்தியம் கடுமையாகவும், எளிய மூலிகைக் குடிநீர்களுக்குத் தளர்வாகவும் அமையும். அகத்திக்கீரை மருந்தின் ஆற்றலை முறிக்கும் என்னும் நம்பிக்கை இன்றும் இல்லந்தோறும் நிலவுகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பத்தியம் என்பது பொதுவிதி அன்று. மருந்து, நோய், நோயாளரின் உடற்கூறு ஆகிய மூன்றையும் நோக்கி மருத்துவர் குறித்த காலத்திற்கு விதிப்பது அது. மருந்து நின்றால் மறுபத்தியத்தின்பின் விலக்கும் நீங்கும். இல்ல வழக்கில் வழங்கும் பப்பாளி விலக்கிற்கு இத்தகைய எல்லை இல்லை. யாருக்கு, எப்பகுதி, எதனுடன், எதுவரை என்னும் நான்கு கேள்விகளும் அதில் மறைந்துவிட்டன.

3. கடல் கடந்து வந்த பழம்

பப்பாளியின் தாயகம் நடு அமெரிக்கப் பகுதி. ஸ்பானியரும் போர்ச்சுக்கீசியரும் வகுத்த கடல்வழிகளில் அது ஆசியாவை அடைந்தது. 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன், 1596இல் வெளியிட்ட தம் பயண நூலில் இப்பழம் ஸ்பானிய இந்தியத் தீவுகளிலிருந்து பிலிப்பைன்சுக்கும், அங்கிருந்து மலாக்காவிற்கும், பின் இந்தியாவிற்கும் வந்ததாகக் குறிப்பிடுகிறார். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ முதல் தொகுதியில் வான் ரீடு இம்மரத்தைப் ‘பப்பாய மரம்’ என்னும் மலையாளப் பெயருடன் படமிட்டுக் காட்டுகிறார். எனவே 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குள் தென்னிந்திய மேற்குக் கரையில் அது வேரூன்றிவிட்டது எனத் துணியலாம். தமிழகத்தில் பப்பாளி எனவும் ஈழத்தில் பப்பாசி எனவும் வழங்கும் பெயர்களும் அயல்மொழிப் பெயரின் திரிபுகளே.

இதனால் பெறப்படுவது தெளிவானது. வள்ளுவருக்கும் சரக சம்கிதைக்கும் பரிமேலழகருக்கும் பப்பாளி தெரியாது. பாலுடன் சேரலாகாத பழங்களின் பழைய பட்டியலில் அது இடம்பெற்றிருக்க இயலாது. ஆயினும் புதிய பொருளைத் தன் வகைப்பாட்டிற்குள் ஏற்பதில் தமிழ் மருத்துவ மரபு தயக்கம் காட்டவில்லை. சீன நாட்டுக் கிழங்காகிய பறங்கிப்பட்டை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியே வந்து, மேகநோய்க்குரிய மருந்தாகச் சித்த மருத்துவத்தில் நிலைபெற்றது. பெயரிலேயே ‘பறங்கி’ இருந்தும் அது அயல்மருந்தாக ஒதுக்கப்படவில்லை. பறங்கிப்பட்டைச் சூரணம் இன்றும் வழக்கில் உள்ளது. பப்பாளியும் இவ்வாறே ஏற்கப்பட்டது. ‘சூடு’ என்னும் வகையில் அது வைக்கப்பட்டது. காய், பால், விதை ஆகியவற்றிற்குப் புழுக்கொல்லி, ருதுவுண்டாக்கி முதலிய செய்கைகள் குணபாட மரபில் உரைக்கப்பட்டன. சூடான பொருள் கருவிற்கு ஆகாது என்பது முன்பே இருந்த விதி. பப்பாளி அவ்விதிக்குள் வந்து அமர்ந்தது.

4. விலக்கு ஆவணமான காலம்

இவ்விலக்கு எக்காலத்தில் முழுமை பெற்றது எனக் காண அச்சுச் சான்று ஒன்று உதவுகிறது. எட்வர்ட் ஜான் வாரிங் பதிப்பித்து 1868இல் வெளிவந்த ‘பார்மகோபியா ஆஃப் இந்தியா’ என்னும் அரசு மருந்துநூல் பப்பாளியைப் பற்றிப் பேசுமிடத்தில், தென்னிந்தியாவின் எல்லா வகுப்புப் பெண்களிடமும் அதன் மாதவிலக்கைத் தூண்டும் ஆற்றல் குறித்து உறுதியான நம்பிக்கை நிலவுவதாகப் பதிவு செய்கிறது. கருவுற்றவள் மிதமான அளவில் உண்டாலும் கருச்சிதைவு நேரும் என அவர்கள் கூறுவதையும் குறிக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த மருத்துவ அறிக்கைகள் இதனை மரத்தின் பாலோடு தொடர்புபடுத்துவதையும் அது சுட்டுகிறது. வாரிங் திருவிதாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் என்பதால் தென்னிந்தியச் செய்திகளை நேரில் அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

இப்பதிவு இரு செய்திகளைத் தருகிறது. முதலாவது, பழம் இந்தியக் கரையை அடைந்து மூன்று நூற்றாண்டுகளுக்குள் விலக்கு சாதி, வகுப்பு எல்லைகளைக் கடந்து பொதுவழக்காகிவிட்டது. இரண்டாவது, பாலுக்குரிய செய்கையும் பழத்துக்குரிய அச்சமும் 1868க்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அறிக்கைகள் பாலைச் சுட்டுகின்றன. பெண்களின் கூற்றோ உண்பதையே தடுக்கிறது. மரத்தின் எப்பகுதி, காய் எந்நிலையில் என்னும் வேறுபாடு வாய்மொழியில் நழுவியுள்ளது.

இந்நழுவலை அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. மருத்துவ உதவி எட்டாத சூழலில், கருவைக் காக்க விரும்பும் குடும்பத்திற்கு நுட்பமான வேறுபாட்டைவிட முழுவிலக்கே பாதுகாப்பானது. செங்காய்க்கும் பழத்துக்கும் இடையிலான எல்லையை இருட்டிய அடுக்களையில் வகுப்பதைவிட மரத்தையே தவிர்ப்பது எளிது. ஆனால் அதே விலக்கிற்கு மறுபக்கமும் இருந்தது. கருவைக் கலைக்க விரும்பிய பெண்ணுக்கு அதே நம்பிக்கை ஆபத்தான வழியொன்றைக் காட்டியது. ஒரே அறிவு காப்பாகவும் தீங்காகவும் செயற்பட்டதற்குப் பப்பாளி சான்றாகிறது.

5. பாலும் பழமும் வேறு: ஆய்வகச் சான்று

பப்பாளிக் காயைக் கீறும்போது வடியும் பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதி உள்ளது. 1879இல் பிரெஞ்சு அறிஞர்களான வூர்ட்ஸும் புஷுவும் அதனைப் பிரித்தறிந்து பப்பெயின் எனப் பெயரிட்டனர். தமிழ் அடுக்களைக்கு இச்செய்கை புதியதன்று. முற்றிய இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக் காயை அரைத்துப் பூசி ஊறவைக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.2, கோ.5 இரகங்கள் பப்பெயின் எடுப்பதற்கும் பயன்படுவன. காய் பழுக்குந்தோறும் பால் குறைந்து, நன்கு கனிந்த பழத்தில் ஏறக்குறைய இல்லாதொழிகிறது.

கருவுறுதல் பற்றிய விலக்கைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடெபியி, கணேசன் அடைக்கண், பிரசாத் ஆகியோர் எலிகளிடம் சோதித்து 2002இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன்’ இதழில் வெளியிட்டனர். கனிந்த பழச்சாறு எலியின் கருப்பையைக் குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கச் செய்யவில்லை. பழத்தை உண்ட எலிகளின் கருக்களிலும் இழப்பு காணப்படவில்லை. மாறாக, காய்ப்பாலோ ஆக்சிடோசின், புராஸ்டாகிளாண்டின் ஆகியவற்றை ஒத்த வலுவான சுருக்கங்களை உண்டாக்கியது. கனிந்த பழம் இயல்பான அளவில் இடர் தருவதாகத் தெரியவில்லை. காயும் செங்காயும் தவிர்க்கத்தக்கன என்பதே அவர்கள் எய்திய முடிவு. எலியிடம் கண்டதை மாந்தருக்கு அப்படியே பொருத்த இயலாது எனினும், 1868இல் மருத்துவ அறிக்கைகள் சுட்டிய பால் என்னும் பகுதியையே ஆய்வகமும் சுட்டியது என்பது கவனத்திற்குரியது. மரபின் மூல அறிவு பிழைபடவில்லை. அதன் எல்லையே விரிந்துவிட்டது.

பாலுடன் பப்பாளி சேராது என்னும் விலக்கையும் இவ்வாறே பிரித்தறியலாம். பப்பெயின் பாலின் புரதத்தைத் திரித்து, கசப்புச் சுவையுடைய சிறு கூறுகளாக உடைக்கும். ஆகவே முற்றாகக் கனியாத பழத்தைப் பாலுடன் அரைத்து வைத்திருந்தால் கசப்பேறும். இது சுவைக்கேடு; நஞ்சு அன்று. பழங்களைப் பாலுடன் சேர்க்கலாகாது என்னும் பழைய விதி, பின்னர் வந்த பப்பாளிக்கும் ஒப்புமையால் நீண்டிருத்தல் கூடும். கசப்பேறும் அடுக்களை அனுபவம் அதனை உறுதிப்படுத்தியிருக்கும்.

மறுபுறம், மரபு பேசாத மாறுபாடுகளும் உள்ளன. இரப்பர்ப் பால் ஒவ்வாமை உடையவர்க்குப் பப்பாளி, வாழை, வெண்ணெய்ப்பழம் முதலியனவும் ஒவ்வாமல் போகலாம். குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு பப்பாளிச் சாரம் கொண்ட துணையுணவை உட்கொண்டபோது மருந்தின் விளைவு மிகுந்ததாக 1990களில் பதிவாகியுள்ளது. பரிமேலழகரின் பகுப்பில் முன்னது உடற்கூற்றோடு மாறுபடுதல். பின்னது சித்த மருத்துவம் சேர்த்த நான்காம் வகையாகிய மருந்தோடு மாறுபடுதல். பழைய வகைப்பாடு புதிய செய்திகளையும் ஏற்கும் விரிவுடையது என்பதை இது காட்டுகிறது.

6. தாம்பரம்: உணவே மருந்தான சானடோரியம்

பப்பாளி பற்றிய மேற்கண்ட செய்திகளில் ஒன்றேனும் நோயாளரைச் சென்றடைய வேண்டுமாயின், உணவைப் பற்றிக் கேட்கும் மருத்துவர் வேண்டும். அத்தகைய கேள்வி தாம்பரத்தில் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பது தனி வரலாறு.

தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவர் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய்ச் சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுஜன் நோயுற்றபோது சிறிது காலம் அங்குத் தங்கிச் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு நேர்மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியனவே மருத்துவம். இந்தியா திரும்பிய சௌரிமுத்து அம்முறையையே தாம்பரத்தின் திறந்தவெளியில் நிலைநாட்டினார். 1937இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றது. அக்காலச் சானடோரியத்தில் நோயாளரின் தட்டும் மருத்துவரின் பொறுப்பில் இருந்தது. பத்தியம் என்னும் பெயரில்லாத பத்தியம் எனலாம்.

இந்நிலையை மாற்றியது சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. நோயாளருள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டனர். 1959இல் வெளிவந்த முடிவுகள் இரு சாராரும் ஏறத்தாழ ஒத்த அளவில் குணமடைந்ததைக் காட்டின. வீட்டில் இருந்தோர் எளிய உணவையே உண்டனர் என்பதும், அதனால் மருந்தின் பயன் குன்றவில்லை என்பதும் 1961இல் தனிக்கட்டுரையாக வெளிவந்தன.

ஏழை நோயாளருக்கு இது பெரும் விடுதலை. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிய வேண்டியதில்லை; விலையுயர்ந்த உணவு இல்லையே என ஏங்க வேண்டியதில்லை. ஆனால் அதனோடு மற்றொன்றும் நிகழ்ந்தது. மாத்திரை வீட்டிற்குச் சென்றது. தட்டு மருத்துவரின் பார்வையிலிருந்து விலகியது. எளிய உணவு மருந்தைத் தடுக்காது என்னும் முடிவு, எவ்வுணவும் மருந்தைத் தொடாது என்னும் மெத்தனமாக மாற இடமிருந்தது. அம்மெத்தனம் பொருந்தாது என்பதை அண்டை நாடான இலங்கை உணர்த்தியது. காசநோய்க்குரிய ஐசோனியசிட் மருந்தை உட்கொள்வோர் ஹிஸ்டமின் மிகுந்த சூரை இன மீனை உண்டபோது முகம் சிவத்தல், படபடப்பு, தலைவலி முதலியன தோன்றுவதை உரகொட, கொட்டேகொட ஆகிய இலங்கை ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்டனர். மருந்தும் மீனும் தனித்தனியே கேடற்றவை, சேரும்போதே தீங்கு. பரிமேலழகர் காட்டிய தேனும் நெய்யும் போன்ற நிலை இது.

பழம் மருந்தோடு மோதும் என்பதை உலக மருத்துவம் இன்னும் பிந்தியே அறிந்தது. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் இரத்த அழுத்த மருந்தான ஃபெலோடிபினுடன் மது சேர்ந்தால் நிகழ்வதைச் சோதிக்கையில், மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைச் சேர்த்தனர். குருதியில் மருந்தளவு எதிர்பாராத வகையில் உயர்ந்தது. சாற்றின் சேர்மங்கள் குடலிலுள்ள மருந்துச் சிதைப்பு நொதியை முடக்குவதே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1989இல் முதற்குறிப்பும் 1991இல் ‘லான்செட்’ இதழில் விரிவான அறிக்கையும் வெளிவந்தன. கிரேப்ஃப்ரூட் நம் ஊர்களில் அரிது. ஆனால் அதன் மூதாதையான பம்பளிமாசு இங்கு விளைகிறது. அதிலும் அதே வகைச் சேர்மங்கள் உள்ளன.

7. ஒரே வளாகத்தில் இரு மருந்துகள்

1990களில் எச்.ஐ.வி. தொற்றாளர் பலர் தாம்பரம் மருத்துவமனையை நாடினர். பிற இடங்களில் ஒதுக்கப்பட்டோருக்கும் அது புகலிடமாயிற்று. கூட்டு மருந்துகள் எளியோர்க்கு எட்டாத அக்காலத்தில், மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்த நெஞ்சக மருத்துவர் செ. நெ. தெய்வநாயகம் முயற்சியால் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய மூன்று சித்த மருந்துகள் அங்கு நோயாளருக்கு வழங்கப்பட்டன. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களுள் தாம்பரமும் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே அண்டையில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எழுந்தது. சித்த மருத்துவராகவும் சிந்தனையாளராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பெயரை அதன் மருத்துவமனை தாங்கியுள்ளது.

இவ்வரலாற்றில் பத்தியத்தின் இடம் நுட்பமானது. இரசமும் கந்தகமும் சேர்ந்த மெழுகிற்குச் சித்த மரபு உணவு விலக்கை வற்புறுத்தும். கூட்டு மருந்துகளிலும் உணவு விதி உண்டு. எஃபாவிரென்சு என்னும் மருந்தை வெறும் வயிற்றில் உறங்கும்முன் கொள்ளவேண்டும், கொழுப்புணவு அதன் அளவைக் குருதியில் உயர்த்தும். இரு மரபுகளும் தத்தம் விதிகளைக் கூறுகின்றன. ஆயின் ஒரு மருந்து மற்றொன்றோடும், அவ்விரண்டும் ஓர் உணவோடும் எவ்வாறு பழகும் என்பதைக் கேட்கும் பொறுப்பு எவரிடமும் தனியே ஒப்படைக்கப்படவில்லை. சித்த மருந்து உண்பதை ஆங்கில மருத்துவரிடம் கூறினால் கடிந்துகொள்வார் என நோயாளர் அஞ்சுவதும், ஆங்கில மாத்திரையைச் சித்த மருத்துவரிடம் மறைப்பதும் இவ்விடைவெளியில் நிகழ்பவை.

வீட்டிற்கும் இதில் பங்குண்டு. நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து ‘மருந்து’ அதிகாரம் நிறைவுறுகிறது. உணவு விலக்கைச் செயற்படுத்துவோர் இந்நான்காம் கூற்றினரே. புறநகர்க் குடும்பங்களில் அது பெரும்பாலும் தாயோ மாமியாரோ ஆவர். கருவுற்ற மருமகளின் தட்டிலிருந்து கனிந்த பப்பாளித் துண்டை எடுத்துவைக்கும் அதே கைகள், அவளுடைய இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ கொடுக்கின்றன. அரசுத் திட்டத்தில் கருவுற்றோர்க்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை 180 நாள்களுக்கு வழங்கப்படுகிறது. தேநீரும் பாலும் அவ்விரும்பை உடல் ஏற்பதைக் குறைப்பன. 100 கிராம் கனிந்த பப்பாளியில் உள்ள ஏறத்தாழ 60 மில்லிகிராம் வைட்டமின் சியோ அதனை மிகுவிக்க வல்லது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர். அந்நிலையில் விலக்கவேண்டியது சேர்க்கப்படுவதும், சேர்க்கத்தக்கது விலக்கப்படுவதும் சிறிய பிழையன்று.

அதே மரத்தின் இலை வேறொரு காலத்தில் மதிப்புப் பெற்றது. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீருடன் பப்பாளி இலைச்சாற்றையும் மலைவேம்பு இலைச்சாற்றையும் பரிந்துரைத்தது. பழத்தை விலக்கிய வீடுகளே இலையைத் தேடின. மரத்தின் பகுதிகளைப் பிரித்தறியும் திறன் மக்களிடம் அழியவில்லை. எடுத்துரைத்தால் ஏற்கின்றனர் என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. பப்பாளி விலக்கு பழந்தமிழ் நூல்களிலிருந்து நேரே வந்ததன்று. 16ஆம் நூற்றாண்டில் வந்த பழத்தைச் ‘சூடு’, ‘மாறுபாடு’ என்னும் முன்னைய வகைகளில் அமைத்ததன் விளைவு அது. 1868க்குள் அது தென்னிந்தியப் பெண்களிடையே பொதுவழக்காகியிருந்தது.

2. காய்ப்பாலுக்குரிய எச்சரிக்கை வாய்மொழியில் கனிந்த பழத்திற்கும் பரவியது. 2002 ஆய்வு காட்டும் வேறுபாடு மரபை மறுப்பதன்று. மரபு நழுவவிட்ட எல்லையை மீட்டுத் தருவது.

3. பத்தியம் என்பது எல்லையுடைய விதி. அவ்வெல்லைகள் நீங்கியபோதே அது வெறும் விலக்காயிற்று.

4. சானடோரியக் காலத்தில் மருத்துவத்தின் பகுதியாக இருந்த உணவு, மருந்து வீட்டிற்குச் சென்றபின் மருத்துவரின் கேள்வியிலிருந்து விலகியது. உணவு – மருந்து எதிர்வினை பற்றிய பிற்கால ஆய்வுகள், பத்தியம் எழுப்பிய கேள்வி பொருளுடையது என்பதை உறுதிசெய்கின்றன. அதன் ஒவ்வொரு விடையையும் உறுதிசெய்யவில்லை.

தாம்பரத்தில் இரு மருத்துவ முறைகளுக்கும் இடையே உள்ள தொலைவு நடந்து கடக்கும் அளவினதே. நோயாளர் அதனை நாள்தோறும் கடக்கின்றனர். அவர்கள் உண்பது யாது, உட்கொள்ளும் பிற மருந்து யாது என இரு பக்கத்தினரும் கடிந்துரையாது கேட்டு ஒரே சீட்டில் பதிவு செய்வார்களாயின், பத்தியம் மீண்டும் தன் பழைய பொருளைப் பெறும். பப்பாளிக்குப் புதிய தடை எதுவும் தேவையில்லை. காய் எது, பழம் எது, எம்மருந்தோடு என்னும் தெளிவே போதுமானது.